அம்மாள் முன்னால் வைத்த இரண்டு சீட்டு

இதை எழுதுவதா விடுவதா என்று நாலு வருசமாக யோசித்துவிட்டேன். பேனையை எடுப்பேன், சுவாமி அறைப் பக்கம் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அப்போது மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் நேரம். டொரோண்டோவில் மில்லிக்கன் பக்கம்தான் எங்கள் வீடு. சித்திரை வருசப்பிறப்பு கழிந்த கிழமை அது. எங்களுக்கு ஒரே பிள்ளை. அதற்கு முதல் வருசமே அவள் கனடா ராணுவத்தில், நாங்கள் ஆமி என்போம், பகுதிநேரமாகச் சேர்ந்திருந்தாள். கிழமையில் ஒரு பின்னேரம், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு. "கோடை லீவு வேலை மாதிரித்தான் அம்மா" என்று சொல்லித்தான் எங்களிடம் கையெழுத்து வாங்கினாள். சண்டைக் காலத்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு ஆமி என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் கால் தன்பாட்டில் ஓரமாக ஒதுங்கும். ஆனாலும் பகுதிநேரம்தானே, வீட்டில்தானே நித்திரை கொள்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. அதோடு ஆமியில் இருந்து ஒரு கடிதமும் வந்தது. அவள் கடை விளம்பரத் தாளைப் பிரட்டி, நடுவில் கோடு கீறி எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். ஒரு பக்கம், இப்போது இருப்பதுபோல பகுதிநேரமாகவே இருப்பது. வீட்டில் இருந்து படிக்கலாம், படிப்புக் காசில் ஒரு பங்கை ஆமி திருப்பித் தரும், மிச்சத்தை நாங்கள் பார்க்க வேண்டும். மற்றப் பக்கம், முழுநேரமாகச் சேருவது. படிப்பு முழுக்க அவர்கள் பொறுப்பு, படிக்கும்போதே சம்பளமும் வரும். படித்து முடிய, சில வருசம் கட்டாயம் அவர்களோடு வேலை செய்ய வேண்டும்.

"எங்க?" என்று கேட்டேன்.

"அவை அனுப்புற இடத்தில அம்மா."

அதற்குப் பிறகு அவள் சொன்ன ஒன்றும் என் காதில் ஏறவில்லை. மூன்று நாள் அழுதேன். சோறு போடும்போதும் அழுதேன். லொறி ஓட்டிவிட்டு வரும் என் கணவர், "இஞ்சேரும், கறிக்கு உப்புப் போடத் தேவையில்லைப் போல கிடக்கு" என்று பகிடி விட்டார். அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் பிள்ளையின் வழியை மறிக்க மாட்டார்.

எங்கள் குடும்பத்தில் பெரிய காரியம் என்றால் சீட்டுப் போட்டுப் பார்ப்பது வழக்கம். இரண்டு கடதாசியில் இரண்டு முடிவையும் எழுதி, ஒரே மாதிரி மடித்து, கோயிலில் அம்மாள் காலடியில் வைத்து ஒன்றை எடுப்போம். இந்த வீட்டை வாங்கியதும் அப்படித்தான். "அம்மாளிட்டக் கேப்பம் பிள்ளை" என்றேன்.

அவள் கோடு கீறிய தாளை மடித்து வைத்தாள். "சரி அம்மா. ஆனா வாறதுதான் முடிவு. பிறகு நீங்களும் மாத்தக்கூடாது, நானும் மாத்தன்."

"ஓம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலமை குசினி மேசையில் இருந்து சீட்டு எழுதினேன். முதல் சீட்டில், 'வீட்டில் இருந்து படிக்கட்டும்' என்று எழுதினேன். இரண்டாவதை எடுத்தேன். அதிலும் 'வீட்டில் இருந்து படிக்கட்டும்' என்றே எழுதினேன்.

ஓம், வாசிக்கிற பிள்ளைகளே, அதைத்தான் செய்தேன். செவ்வாய், வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், மச்சம் மாமிசம் தொடாதவள், அம்மாளுக்கே கள்ளம் செய்தேன்.

கோயிலில் மத்தியானப் பூசை முடிய, ஐயர் இரண்டு சீட்டும் வைத்த தட்டை நீட்டினார். மகள் கண்ணை மூடி ஒரு சீட்டை எடுத்தாள். பிரித்தாள், வாசித்தாள், திருநீறு பூசிக்கொண்டாள். மற்றச் சீட்டை நான் சட்டென்று எடுத்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. சனிக்கிழமை முழுக்க, மிச்சக் காசுக்குக் கோப்பிக் கடை வேலை தேடி விண்ணப்பம் அனுப்பினாள். எடுத்த முடிவில் நிற்கிற பிள்ளை அவள்.

ஞாயிறு பின்னேரம் கொம்பியூட்டருக்கு முன்னால் கூப்பிட்டாள். திங்களுக்குள் ஆமிக்குப் பதில் சொல்ல வேண்டும். "அம்மா, வேண்டாம் எண்டு எழுதிட்டன். மரியாதையா இருக்கோ எண்டு கேளுங்கோ" என்று தமிழில் சொல்லிக் காட்டினாள். குடும்பக் காரணம் என்று மட்டும்தான் போட்டிருந்தாள்.

"அம்மாவுக்கு விருப்பமில்லை எண்டு எழுது பிள்ளை" என்றேன்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே அம்மா. அம்மாள் தானே சொன்னவ. நீங்கள் ஏன் பழி கேக்கோணும்?"

அந்தச் சொல்லில் நான் உடைந்துபோனேன். கைப்பையை எடுத்து, மற்றச் சீட்டை அவள் முன்னால் வைத்தேன். பிரித்து வாசித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அம்மாளையே ஏமாத்திப் போட்டியளா? என்னை விடுங்கோ. அம்மாளையே!"

கணவர் எட்டிப் பார்த்தார். "அடியாத்தை, நீர் கோயிலுக்குள்ளயே கள்ளவோட்டுப் போட்டிருக்கிறீர்!"

யாரும் சிரிக்கவில்லை. அவள் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு மணித்தியாலம் இருக்கும். நான் கதவுக்கு வெளியில் நிலத்தில் இருந்தேன். "பிள்ளை, ஒழுங்கா எழுதித் திரும்பப் போடுவம்" என்றேன்.

கதவைத் திறந்தாள். "இனிச் சீட்டு வேண்டாம். இருந்து கேளுங்கோ. ரெண்டையும் முழுசாக் கேளுங்கோ. அழாமல்."

அழாமல் கேட்டேன். அது எனக்குப் பெரிய விரதம். முதல் முறையாக நானும் கேள்வி கேட்டேன். இடையில் படிப்பை விட்டால்? காசைத் திருப்பிக் கட்ட வேண்டி வரலாம் என்றாள். தூர இடத்தில் போட்டால் வீட்டுக்கு வரலாமா? லீவு உண்டு என்றாள். சண்டை நடக்கிற நாட்டுக்கு அனுப்புவார்களா? "அனுப்பலாம் அம்மா" என்றாள். பொய் சொல்லவில்லை.

"துவக்குத் தூக்குவியோ?"

"ஓம். சுடப் பழகித்தான் இருக்கிறன். ஆனா என்ர வேலை காயத்துக்கு மருந்து கட்டுறது."

"எனக்கு ஆமி எண்டாலே..." என்று தொடங்கினேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "அந்த ஆமி வேற அம்மா. இது நான்."

கடைசியில், "உனக்கு எது வேணும்?" என்று கேட்டேன். அத்தனை நாளும் அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. முழுநேரம் என்றாள். எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டு, சம்மதம் என்று புதிதாக எழுதினாள். அனுப்பும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பயம் போகவில்லை. பயத்தோடுதான் சம்மதித்தேன்.

அடுத்த வெள்ளி ஐயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னட்டச் சொல்லி என்ன அம்மா, அங்க சொல்லுங்கோ" என்று அம்மாளைக் காட்டினார். முழங்கால் வலியோடு விழுந்து கும்பிட்டு, வாய்விட்டுச் சொன்னேன்.

மகள் இந்த வருசம் படிப்பை முடித்துவிட்டாள். மேற்கே, பிளேனில் போகிற தூரத்தில் ஓர் ஆமி ஆஸ்பத்திரியில் வேலை. போகும் நாளில் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினேன்.

இப்போது கோயிலில் சிலர், "அம்மாள் சீட்டில சொல்லித்தானாம் உங்கட பிள்ளை போனது" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். எனக்கு உடம்பு கூசுகிறது. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன். நீங்கள் இதை இன்னொருவருக்குச் சொன்னால் அற்புதமாக மாற்றிச் சொல்லாதீர்கள். ஒரு தாய் இரண்டு சீட்டிலும் ஒன்றையே எழுதினாள் என்பதையும் விடாமல், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். சாமியிடம் கேட்கப் போகிறவள் இரண்டு பதிலுக்கும் மனதில் இடம் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதை, என் பிள்ளையின் முகம் சிவந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் படிப்பித்தது.