4417-ஐ எண்ணாமல் விட்ட கதை

1. மூடச் சொன்ன தளம்

"அந்தத் தறி சைட்ட மூடிருங்க தம்பி" என்று ஹாஜியார் சொன்னபோது, அதற்குக் காரணமான அறிக்கை அவர் கையில்தான் இருந்தது. தயாரித்தவன் நான். மூன்று மாத உழைப்பு, நிறம் நிறமான வரைபுகள். கடைசிப் பக்கத்தில் என் பெயரை இருக்க வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாகவே போட்டிருந்தேன்.

ஹாஜியாருக்குக் காத்தான்குடி மெயின் வீதியில் கைத்தறித் துணிக்கடை. வீதி நடுவில் நிற்கும் ஈச்சமரங்களில் ஒன்றின் நிழல் பின்னேரங்களில் அவருடைய கல்லாமேசை வரை வந்து போகும். எழுபதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் எதையும் வாசிப்பார்.

"தறி சைட்டுல இருந்து ஓடர் பக்கத்துக்கு வந்த ஆள் எத்தின?"

"பூச்சியம், ஹாஜியார்."

"பூச்சியம் எண்டா?"

"ஒருத்தரும் இல்ல."

"அதத்தான் நானும் பாக்கன். கண்ணுல பிழையோ எண்டு கேட்டன். மறுகா என்னத்துக்கு அது? இந்த மாசத்தோட முடிச்சிருங்க. ரிஸ்மியாட்ட நீங்களே சொல்லிருங்க. அந்தப் புள்ளட முகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு ஏலாது."

ரிஸ்மியா, வாவிக்கரையில் இருக்கும் ஹாஜியாரின் நெசவுக் கொட்டிலில் ஒரு மூலை மேசையில் இருந்து அந்த இணையத்தளத்தை நடத்துபவர். துணி தறியில் இருக்கும்போதே படமெடுத்து, என்ன நூல், என்ன கரை, யார் நெய்தது என்று நாலு வரி எழுதிப் போடுவார். அந்த வேலைக்காகக் கொழும்பில் கிடைத்த ஒன்றை வேண்டாமென்று விட்டவர். தளம் போனால் மேசையும் போகும். இது ஹாஜியாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் இரண்டு பேரும் அந்தப் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2. மூன்று வாசல், ஒரு குறி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்கவும். மற்றவர்கள் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம்.

ஹாஜியாரின் வியாபாரத்துக்கு மூன்று வாசல். கடைத்தளம் ஒரு டொமைன், ஒரு வீடு மாதிரி. ஓடர் கொடுக்கும் பக்கம் அதன் சப் டொமைன். அதாவது அதே வீட்டின் பக்க அறை. தறித்தளம் முற்றிலும் வேறு பெயரில் வேறொரு டொமைன். அடுத்த தெருவில் உள்ள வீடு.

தளத்துக்கு வருகிறவரின் பிரவுசரில் நாங்கள் ஒரு குக்கியை வைப்போம். அதில் பெயர் இருக்காது, ஓர் இலக்கம் இருக்கும். எங்கள் வயல் வட்டைகளில் மேயும் மாடுகளுக்குக் குறி சுடுவார்களே, அப்படி. மாட்டுக்கு வலிக்கும், இதில் வலிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். குக்கியை டொமைனின் வேர்ப்பெயரில் வைத்தால் பக்க அறைக்கும் அது செல்லும். அடுத்த தெரு வீட்டுக்குச் செல்லாது. தறித்தளத்தில் துணியைப் பார்த்துவிட்டு ஓடர் பக்கத்துக்குப் போகிற ஒரே மனிதரை, நாம் இரண்டு அந்நியர்களாக எண்ணிவிடுவோம்.

இதற்கு வைத்தியம், லிங்குக்கு ஒரு வால் ஒட்டுவது. தறித்தளத்தில் ஓடர் பொத்தானை அழுத்தியதும் அவருடைய இலக்கம் அட்ரஸின் முடிவில் ஒட்டிக்கொள்ளும். ஓடர் பக்கம் வாலைப் பார்த்து, 'ஓ, நீங்கள்தானா' என்று அதே இலக்கத்தை அங்கேயும் பதிந்துகொள்ளும்.

இதையெல்லாம் ஆயத்தமாகச் செய்துதரும் சேவைகள் உலகத்தில் இருக்கின்றன. ஹாஜியாருக்குப் பிடிக்கவில்லை. "நம்மட கடைக்கு வாற மனிசர எங்கயோ இரிக்கிற கொம்பனிக்காரன் ஏன் எண்ணணும்? நீங்க எண்ணுங்க. ஒங்களுக்கு ஏலாததா?" நாற்பத்தெட்டு வயதுக்காரனிடம் இப்படிக் கேட்பது ஆபத்தானது. நானே உட்கார்ந்து கணினிக் கோட் எழுதினேன். ஆயத்தச் சேவைகளில் வால் சில நிமிடங்களில் செத்துவிடும். அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததைத் தேவையில்லாதது என்று எடுத்துக்கொள்வது என் பழைய வழக்கம். என்னுடைய வால் சாகாத வால்.

அடுத்து, நம்மவர்களின் வருகையை எண்ணக்கூடாது. கடை இன்னும் இணையத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஹாஜியார் ஒரு நாளைக்கு இருபது தடவை தன் கடைக்கே போய் வருவார். ஆகவே நான்கு இலக்கங்களை விலக்குப் பட்டியலில் போட்டேன்: ஹாஜியாரின் போன், கடைக் கணினி, என் மடிக்கணினி, ரிஸ்மியாவின் போன். ரிஸ்மியாவின் இலக்கம் 4417.

இன்னொன்று. யார் வழியாக வந்தது என்று சொல்ல முடியாத ஓடர்களை 'வழி தெரியாதவை' என்று அறிக்கையின் அடியில் ஒரு வரியில் போட்டேன். தொகை கொஞ்சம் பெரிதாக இருந்ததால் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினேன்.

3. பாலத்தில் விழித்தேன்

ரிஸ்மியாவிடம் சொல்வதற்காகப் பெரியகல்லாற்றில் இருந்து பஸ் ஏறினேன். மத்தியான வெயில். சொல்ல வேண்டிய வசனங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். ஊர் எல்லையில் உள்ள முதல் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். காற்றில்லாத வாவி, வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத வெள்ளை.

இருபது வருடமாக ஆட்களை எண்ணுகிறேன், ஒருவரையும் கண்டதில்லை. இதுதான் இந்தத் தொழிலின் விசித்திரம். இலக்கம் வரும், ஊர் வரும், நேரம் வரும். ஒரு பக்கத்தில் நான்கு நிமிடம் நின்றார் என்று வரும். அந்த நான்கு நிமிடமும் அவர் துணியைப் பார்த்தாரா, போனைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எதையோ நினைத்தாரா என்று எந்தக் கோட்டும் சொல்லாது. யன்னலோரத்தில் தலையைச் சாய்த்தபோது அவர்கள் எல்லோரும் வாவியின் மேல் நடந்து வந்தார்கள். முகம் இல்லை. ஒவ்வொருவர் பின்னாலும் வால் ஒன்று தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு வந்தது. யாருக்கும் அவசரமில்லை. எண்ணத் தொடங்கினேன். எண்ண எண்ண அவர்கள் ஒருவருக்குள் ஒருவர் புகுந்து ஒரே ஆளாகிக்கொண்டிருந்தார்கள்.

கண் விழித்தபோது பஸ் கல்லடிப் பாலத்தில் நின்றது. காத்தான்குடி எப்போதோ போய்விட்டது. திரும்பி வர இன்னொரு பஸ். இடம் விட்டு இடம் போகிறவர்களைக் கண்காணிப்பதுதான் என் உத்தியோகம் என்பதை நடத்துனரிடம் சொல்லவில்லை.

4. மூன்று மணித் துணி

கொட்டிலுக்குள் நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டால் அது வெளியே இருந்து வருகிறதா, நெஞ்சுக்குள் இருந்து வருகிறதா என்று சந்தேகம் வரும்.

ரிஸ்மியா நிமிர்ந்து பார்த்தார். "வாங்க அண்ணன். மூடப் போறீங்க, என்ன?"

பஸ்ஸில் அடுக்கிய வசனங்கள் அத்தனையும் வீணாகின. "ரிப்போர்ட்டில பூச்சியம் வந்திரிக்கி தங்கச்சி."

"ஒருத்தருமேயா இல்ல?"

"ஒருத்தருமே."

பக்கத்துத் தறியில் இருந்த பரீதா கையை நிறுத்தாமலே கேட்டார்: "அப்ப நான் நெய்யிற சாரத்த ஆருகா உடுக்கிற? ஜின் பேயா?"

மற்றத் தறிகளில் சிரிப்பு எழுந்து அடங்கியது. ரிஸ்மியா சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த நூல்துண்டுகளை ஒன்றாக்கி ஓரத்தில் வைத்தார். "இண்டையான் துணிய மட்டும் போட்டுட்டு மூடலாமா? மூணு மணிக்கு ஆக்கள் பாத்துக்கொண்டிரிப்பாங்க."

மறுக்க மனம் வரவில்லை. பரீதாவின் தறியில் இருந்தது நீலத்தில் வெள்ளிக்கரை போட்ட சாரம். ரிஸ்மியா படமெடுத்தார், நாலு வரி எழுதினார், தளத்தில் ஏற்றினார். பிறகு தன் போனை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தானே திறந்து, ஓடர் பொத்தானை அழுத்தினார்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"சரியான துணிதான் வருதா எண்டு நான் ஒருக்காப் போய்ப் பாப்பன். ஆக்கள வாசல்ல உட்டுட்டு வரக்கூடாது அண்ணன். உள்ளுக்குக் கூட்டிப் போய் அந்தத் துணிக்கு முன்னால நிப்பாட்டணும். இல்லாட்டி எங்கட ஆக்கள் வெக்கப்பட்டுக் கிறுகிப் போயிருவாங்க."

ஓடர் பக்கத்தில் நீலச் சாரம் வந்து நின்றது. அவர் மேலே உள்ள அட்ரஸில் விரலை வைத்து, ஓர் எழுத்தும் விடுபடாமல், முதலில் இருந்து கடைசி வரை பொறுமையாகத் தேர்ந்தெடுத்துக் கொப்பி எடுத்தார். அந்தப் பொறுமையால்தான் எனக்கும் வாசிக்க நேரம் கிடைத்தது. அட்ரஸின் முடிவில் என் சாகாத வால். 4417.

"இத ஆருக்கு அனுப்புறீங்க தங்கச்சி?"

"வட்ஸ்அப் குறூப்புக்கு. வெளிநாட்டில இரிக்கிற ஆக்கள், அவங்கட வீட்டாக்கள். அவங்க மறுகா வேற வேற குறூப்புக்கு அனுப்புவாங்க."

"எப்பயிருந்து?"

"நீங்க எண்ணத் தொடங்கினதுக்கு முந்தியிருந்தே."

மடிக்கணினியைத் திறந்தேன். நானே எழுதியதால் வழி தெரியும்: விலக்குப் பட்டியல், நான்காம் வரி. அதுவரை ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. வேண்டாமென்று விலக்கியதை யார் பார்ப்பார்கள்?

முதலில் 4417 காத்தான்குடியில் இருந்தார். அது ரிஸ்மியா. ஒரு நிமிடம் கழித்து 4417 தோஹாவிலும் இருந்தார். பிறகு குவைத்தில், லண்டனில், வாழைச்சேனையில், மறுபடியும் தோஹாவில், தோஹாவில், தோஹாவில். ஒரே மனிதர், ஒரே இலக்கம். ஓர் ஊரில் மத்தியானச் சோற்றுக்கும் இன்னோர் ஊரில் காலைத் தேநீருக்கும் நடுவில், எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில், ஒரே நீலச் சாரத்துக்கு முன்னால் நின்றார். வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. யன்னலுக்கு வெளியே வாவியில் வெயில் துண்டு துண்டாக மினுங்கியது. திரையைப் பார்க்கிறேனா தண்ணீரைப் பார்க்கிறேனா என்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை.

ரிஸ்மியா பின்னால் வந்து நின்று வாசித்தார். "தோஹா எங்கட கபூர் நானாட மெஸ். ஒம்பது பேர் ஒரு ரூம்ல. லண்டன் ஜெஸீமா ராத்தா."

"வாழைச்சேனை?"

"அது என்ட மாமி" என்றார் பரீதா. இப்போது தறியை நிறுத்தியிருந்தார். "எப்பயும் பாப்பா. வாங்க மாட்டா."

5. சின்ன எழுத்து

அன்றைக்கே கடைக்குப் போய் ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரிஸ்மியாவின் லிங்கைத் தொட்ட ஒவ்வொருவரும் ரிஸ்மியாவாகவே உள்ளே வந்திருக்கிறார்கள். ரிஸ்மியாவை எண்ண வேண்டாமென்று நான் கட்டளையிட்டிருந்தேன். அதனால் அவர்களில் ஒருவரும் கணக்கில் இல்லை.

"அப்ப அவங்க எத்தின பேர்?"

"தெரியாது ஹாஜியார். எல்லாரும் ஒரே இலக்கத்தில கலந்துட்டாங்க. இனிப் பிரிக்க ஏலாது."

"மூணு மாசம் எண்ணிட்டுத் தெரியாதெண்டு சொல்லுறீங்க."

"ஓம்."

"பூச்சியம் எண்டு சொல்லக்குள்ள எவ்வளவு தெளிவாச் சொன்னீங்க. இப்ப நாக்குத் தட்டுது." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அறிக்கையைத் திருப்பினார். விரல் அடிவரியில் போய் நின்றது. "வழி தெரியாதவை எண்டு இதுல குட்டியா ஒண்டு கிடக்கே. இவங்கதானா அது?"

"அவங்கதான்."

"மத்த எல்லாத்தையும் விட இதுதானே பெரிசு?"

"ஓம் ஹாஜியார்."

"பெரிசா இரிக்கிறதச் சின்னனா எழுத எந்தப் பள்ளிக்கூடத்தில மனே படிச்ச நீ?"

அதுவரை 'நீங்க' என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். 'மகனே' என்ற அந்த 'மனே'யில் கோபமும் இருந்தது, மன்னிப்பும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கோட் இல்லை.

"மூடாத. ஒரு மாசம் ஒழுங்கா எண்ணு. மறுகா பாப்பம்."

6. இறங்கி நடந்தவர்கள்

திருத்தம் சிறியது. வால் இரண்டு நிமிடத்தில் செத்துவிடும். ஓடர் பக்கம் வாலை வாசித்ததும் அட்ரஸில் இருந்து அதை வெட்டிவிடும். ரிஸ்மியா எவ்வளவு பொறுமையாகக் கொப்பி எடுத்தாலும் இலக்கம் அதனுடன் போகாது; 'தறி' என்ற சொல் மட்டும் போகும். பழைய குக்கிகளைத் தள்ளிவிட்டு எல்லோருக்கும் புது இலக்கம் கொடுத்தேன். 4417-ஐ மட்டும் கையால் ரிஸ்மியாவின் போனுக்கே திரும்ப எழுதினேன். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

மாதம் முடிந்தபோது ஓடருக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ரிஸ்மியாவின் லிங்க் வழியாக வந்திருந்தார்கள். மேசை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஹாஜியார் அதற்கு ஒரு மின்விசிறி போட்டுக் கொடுத்தார்.

எனக்கு மட்டும் சின்ன மனக்குறை. ஒரே நேரத்தில் ஐந்து ஊரில் நின்ற அந்த ஒருவரை நானே இல்லாமல் செய்துவிட்டேன். அதை ரிஸ்மியாவிடம் சொன்னேன்.

"இல்லாமப் போகல்ல அண்ணன். பஸ்ஸுல ஒண்டா வந்தவங்க, இறங்கித் தனித்தனியா நடக்காங்க. நீங்களும் எப்பயாவது சரியான இடத்தில இறங்கிப் பழகுங்க."

அன்றைக்கு நான் கல்லடி வரை போனது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது.

இளையவர்களே, கோட் எழுத முதல், வேலை செய்கிறவரின் பக்கத்தில் ஒரு பின்னேரம் இருந்து அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். நான் அதை மூன்று மாதம் பிந்திச் செய்தேன். இப்போது என் அறிக்கைகளில் 'வழி தெரியாதவை' முதல் வரியாக, எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் வரும். என் பெயர் அடியில், சின்ன எழுத்தில். ஹாஜியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி முதல் வரியை வாசிப்பார், இரண்டாம் முறையும் வாசிப்பார், பிறகு தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவார்.