கள்ளிக்கு முட்டுக்கொடுத்தவர்

இந்த வீட்டில் நான் வைத்து உயிரோடு மிஞ்சிய செடி ஒன்றுதான், அதுவும் கள்ளி. விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவளிடம் ரோஜா எப்படிப் பிழைக்கும்? தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாத செடி வேண்டும் என்றேன். நர்சரிக்காரர் முழ உயரக் கள்ளி ஒன்றைக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த அன்று ரயிலில் ஒருவரும் என்னை நெருக்கவில்லை. தினமும் கூட்டிப்போகலாமா என்றுகூட யோசித்தேன்.

முதலில் வாசலில்தான் வைத்தேன். எதிர்வீட்டு ஆடு அதில் கழுத்தைச் சொறிந்துகொள்ளப் பழகி, தொட்டியோடு உருட்டியது. உள்ளே எடுத்துவந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டின் ஒரே ஜன்னலடியில் வைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் டிம்பர் வேலை பார்த்தவர். மேற்பாறை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுக்கிற வேலை. சுரங்கத்தை மூடியதும் பெங்களூரில் செக்யூரிட்டியாக இருந்தார். அதுவும் முடிந்து இப்போது டிவி முன்னாலேயே கிடக்கிறார், வாசலுக்குக்கூட வருவதில்லை. கள்ளி ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்ந்ததும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. மூங்கில் குச்சியால் ஒரு முட்டுக்கொடுத்தார். கூட்டும்போது நான் தொட்டியைத் திருப்பி வைத்தேன். மழைக்காலம் போவதற்குள் உச்சி எதிர்ப்பக்கமாக வளைந்தது. அந்தப் பக்கமும் முட்டு. கள்ளியைவிடக் குச்சிதான் அதிகம் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்டியும் ரம்பமுமாக அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். சுரங்கத்தில் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்றால் கெட்டி, பொத்தென்றால் உள்ளே பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. அதேபோல் கரண்டியால் கள்ளியைத் தட்டினார்.

"கேட்டியா? பொத்துனு வருது. உள்ள அழுகிப் போயி கீது. தானா விழறதுக்கு முன்னாடி நாமளே அறுத்து இறக்கிடணும்."

பதறினால் எனக்குக் கோபம்தான் வரும். கரண்டியைப் பிடுங்கி அவர் தொப்பையில் தட்டினேன். பொத்.

"இதையும் அறுத்துடலாமா? சதை கீற எடத்துல இப்படித்தாங்க கேக்கும்!"

"அப்போ இன்னாத்துக்கு இந்தப் பக்கமும் சாயுது, அந்தப் பக்கமும் சாயுது?" என்று ரம்பத்தை எடுத்தார்.

தொட்டியை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன், கையெல்லாம் முள். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, உச்சி நேராக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் சாய்வும் ஜன்னலுக்குத்தான். நடுவில் தொட்டியைத் திருப்பியது நான்.

"இது விழலீங்க. வெளிச்சம் எங்க கீதோ அங்க போவுது. நான் திருப்பி வெச்சதால மறுபடியும் ஜன்னலத் தேடிகினு போயி கீது."

அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார். ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

"ஷிப்ட் முடிஞ்சி கேஜு லிப்டுல மேல வரும்போது நாங்களும் அப்படித்தான். வெளிச்சம் தெரியற வரைக்கும் அத்தினி பேரும் அண்ணாந்துகினே நிப்போம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, முள் குத்தியதாகச் சொல்லிச் சமாளித்தேன். முட்டுகளை ஒவ்வொன்றாக, எதுவும் சரிந்துவிடாதபடி உருவினார். பிறகு தொட்டியைத் தூக்கி வாசல் வெயிலில் வைத்தார்.

ஆடு இன்னும் வருகிறது. அதை விரட்ட, ஒரு மூங்கில் குச்சியோடு அவரும் பகல் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்.