வாயில் விழுந்த அரிசி

தோட்டத்தில் தப்புச் சத்தம் கேட்டால் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். வந்த பிறகுதான் யார் என்று கேட்பார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வேண்டும், திருவிழாவுக்கு நாள் தெரிய வேண்டும். சாவுக்கு அந்த அடி போதும்.

நான் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்தவன். இப்போது மம்பாவில் வீடு, சிரம்பானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் வேலை. இந்த வழக்கம் எனக்குத் தெரியும். தெரிந்தும், தப்படிக்க ஆள் வேண்டும் என்று என் மகள் கேட்டபோது, தெமியாங்கிலிருந்து இரண்டு பேரை நானே காரில் ஏற்றிக்கொண்டு போனேன். தோட்டத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிறது. லயங்களில் பாதியை இடித்துவிட்டார்கள். மீதியில் வெளிநாட்டுத் தொழிலாளிகள். நம்மவர்கள் கொஞ்சம் குடும்பங்கள்தான்.

என் மகள் கோலாலம்பூரில் கலை படிக்கிறாள். அவளுடைய தோழி அந்தத் தோட்டத்துப் பெண். இருவரும் ஒரே பாலர் பள்ளி, ஒரே இடைநிலைப்பள்ளி. தோழி தொழிற்சாலை வேலைக்குப் போனாள், இவள் கல்லூரிக்குப் போனாள். அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவன் அந்தப் பெண்ணின் பின்னால் சுற்றினான். அவள் வேண்டாம் என்றாள். வேலை முடிந்து தோட்டச் சாலையில் நடந்து வரும்போது மோட்டாரில் வந்து வழிமறித்துப் பாராங்கத்தியால் வெட்டினான். பட்டப்பகலில். எதிரே வந்த லாரிக்காரன் இறங்கவில்லை. உள்ளே உட்கார்ந்தபடியே கைப்பேசியில் படம் எடுத்தான். அன்று மாலைக்குள் அது எல்லோருக்கும் வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

பெற்றவளுக்கு மட்டும் வரவில்லை. அவளிடம் அப்போது பொத்தான் வைத்த பழைய கைப்பேசிதான். பிணவறையிலிருந்து பெட்டி மூடியே வந்தது. திறக்க வேண்டாம் என்று ஆண்கள் நாங்கள் முடிவு செய்தோம். அவள் மூடியின்மேல் விழுந்து நகத்தால் கீறினாள். நான்கு பேர் பிடித்து இழுத்தோம். ஒரே வெட்டு, வலி தெரிந்திருக்காது என்று சொன்னோம். எல்லோரும் அதையே சொன்னதால் அது உண்மைபோல ஆகிவிட்டது.

அதன் பிறகு என் மகள் பூ, மலை, முகம் எதையும் வரைவதில்லை. விடுமுறைக்கு வந்தால் மடிக்கணினியைத் திறந்து யாராவது கலைஞரின் வேலையை எனக்குக் காட்டுவாள். இறந்துபோன தகப்பனின் சட்டைகளைக் கண்ணாடித் தொட்டியில் ஊறப்போட்டு, அவை இற்றுப் போகும்வரை காட்சிக்கு வைத்த ஒருவர். தனக்கென்று செய்த சவப்பெட்டியில் படுத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களோடு ஊர்க்கதை பேசிய ஒரு பெண்.

"இதுல அழகு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"அழகு வேணும்னா காலண்டர் வாங்கிக்கலாம்ப்பா. நாம செத்தவங்கள போட்டோ போட்டு மாலை மாட்டிடுறோம். அப்புறம் அந்தப் பக்கமே பாக்குறதில்ல. இவங்க நம்மள ஓட விடமாட்டாங்க. நில்லு, பாருன்னு சொல்றாங்க."

ஓடுவதைத் தவிர நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்? அவள் கைப்பேசி எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் வசதியை என்னுடையதில் போட்டு வைத்திருக்கிறேன். பாடம் நடத்தும்போதும் பார்ப்பேன். நீலப்புள்ளி நகராமல் இருந்தால் எனக்குக் கை வேர்க்கும். நகர்ந்தால் யார் வண்டியில் போகிறாள் என்று வேர்க்கும்.

படிப்பின் கடைசி வேலையாக அவள் செய்ய நினைத்தது இதுதான். தோட்டத்தில் முன்பு ரப்பர்ப்பால் சேர்த்த, இப்போது பாழாய்க் கிடக்கும் பால் கொட்டாயில் தோழியாகத் தானே படுத்துக் கிடப்பது. உடம்பில் அந்தக் காயங்கள். வெளியே தப்பு. கண்ணை வெள்ளைத் துணியால் மூடிக்கொள்வாள். தலைமாட்டில் ஒரு தட்டு அரிசி. வருகிற விரிவுரையாளர்களும் மாணவர்களும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, விரும்பினால் அவள் உள்ளங்கையில் அரிசி போடலாம்.

"போன்ல பாத்தவங்க யாரும் பக்கத்துல நின்னு பாக்கல. அதான்ப்பா," என்றாள்.

"அவ அம்மா?"

"அத்தை ஞாயித்துக்கிழமை லோபாக்ல சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போயிடுவாங்க. கேட்டுட்டேன்."

நானும் அந்த அம்மாளும் ஒரே லயத்தில் வளர்ந்ததால் அவள் என்னை அண்ணே என்பாள். வார நாட்களில் தோட்டத்தை ஒட்டிய ஒரு மலாய்க்காரரின் சிறு ரப்பர் நிலத்தில் பால் வெட்டுகிறாள். காயங்கள் செய்ய என் மகளுக்கு ரப்பர்ப்பால் வேண்டியிருந்தது. கல்லூரி வேலைக்கு என்று அவளிடமே கேட்டாள். அவள் இரண்டு பாட்டிலில் பிடித்து, உறையாமல் இருக்க அமோனியா ஊற்றிக் கொடுத்தாள். "என்னாடி செய்யப் போற, பொம்மையா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாளாம். என் மகள் ஆமாம் என்றாளாம்.

அந்தப் பாலில் சாயம் கலந்து, எங்கள் வீட்டுச் சமையலறையில் கண்ணாடிமேல் ஊற்றிக் காயவைத்து, உதடு விரிந்த வெட்டுகளாக ஒவ்வொன்றாகச் செய்தாள். வீடெல்லாம் அமோனியா நாற்றம். நான் சாப்பிடாமல் பள்ளிக்குப் போனேன். எந்தக் காயம் எந்த நீளம் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அந்தக் காணொளியை அவள் எத்தனை முறை பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை கொட்டாய் வாசலில் தப்படிப்பவர்களில் மூத்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாரு பொணம்லா சார்?" என்று கேட்டார்.

"நான்தான் அண்ணே," என்றாள் மகள்.

"சும்மா இரும்மா. காலைலயே வாயில நல்ல வார்த்தை வராதா?"

"நல்லா இருக்குறப்பவே ஒரு தடவை கேட்டுக்குறேன். அப்புறம் கேக்க முடியாதுல்ல."

இளையவர் சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. தப்பைத் தீயில் காட்டிச் சூடேற்றும்போது என்னைத்தான் பார்த்தார். நான் காரைப் பூட்டினேனா என்று பார்க்கப் போனேன்.

சரியாகத்தான் ஆரம்பித்தது. கல்லூரிக்காரர்கள் செருப்பைக் கழற்றலாமா என்று தயங்கி நின்றார்கள். உள்ளே சிமெண்டுத் தரையில், பனை ஓலைமேல், என் மகள் கிடந்தாள். கழுத்தில், தோளில், இரண்டு கைகளிலும் வெட்டு. என் கண் முன்னாலேயே செய்து ஒட்டியவைதான்.  இருந்தும் அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தப்பு ஏறியபோது செம்பனைக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். நைட்டியில் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள், சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஒருவர். முன்னால், தோழியைப் பெற்றவள். லோபாக் கடை அன்று பூட்டியிருந்ததாம். நான் கூப்பிட்டேன். தப்புச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போனாள், காயங்களைப் பார்த்தாள், மார்பில் அடித்துக்கொண்டாள். "யாரு பெத்த புள்ளையோ, இதையும் வெட்டிப் போட்டானுங்களே," என்று குனிந்து, கைப் பழக்கத்தில் தட்டிலிருந்து அரிசியை அள்ளி, என் மகளின் வாயைத் திறந்து போட்டாள். விரல் உதட்டில் பட்டதும் நின்றுவிட்டாள். சூடு. கண்ணை மூடியிருந்த துணியை இழுத்தாள்.

"அண்ணே, உன் புள்ளையையுமா?"

அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. அவள் எனக்காக அழுதாள். அப்போது என் மகள் கண்ணைத் திறந்தாள். "அத்தை," என்று சொல்லி எழுந்து உட்கார்ந்தாள்.

தப்பு நின்றது. முதல் அறை விழுந்த சத்தம் தகரக் கூரை வரைக்கும் கேட்டது. பிறகு செருப்பு. பிறகு இரண்டு கையாலும் முடியைப் பிடித்து என் மகளின் தலையைச் சுவரில் மோதினாள். நான் பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தாள். உதடு கிழிந்தது.

"என் புள்ள எந்திரிக்கல. நீ மட்டும் எப்படிடி எந்திரிக்கிற? எப்படி எந்திரிக்கிற, சொல்லுடி."

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி. என் மகள் முகத்தை மறைக்கவில்லை. "விடுங்கப்பா, அடிக்கட்டும்," என்றாள். மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. அது சாயமில்லை என்று எனக்கு மட்டுமே தெரிந்ததுபோல இருந்தது. கல்லூரிக்காரர்களில் ஒரு பையன் கேமராவை இறக்கவே இல்லை. நான் அதைப் பிடுங்கித் தரையில் அடித்தேன்.

அவள் கை ஓயவில்லை, ஆனால் வேலை மாறியது. கழுத்துக் காயத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுமுன் முந்தின நாள் தழும்பில் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை இழுத்தெடுப்பார்களே, அதே இழுப்பு. தோளில் ஒன்று. இரண்டு கைகளிலும். ரோமத்தோடும் தோலோடும் வந்தன. என் மகள் பல்லைக் கடித்தாள். அந்த அம்மாள் உரித்ததை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"நான் குடுத்த பால்," என்றாள்.

கையில் கழுத்துக் காயம் துவண்டு தொங்கியது. அதை வெகுநேரம் பார்த்தாள். அடிப்பதை எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை.

"இங்கயா?" என்று தன் கழுத்தைத் தொட்டுக் கேட்டாள்.

துண்டு போட்டிருந்த பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவர் நகர்ந்தார்கள்.

"கேக்குறேன்ல. இங்கயா வெட்டினான்?"

"அதெல்லாம் இப்ப எதுக்குலா," என்றார் பின்னால் ஒருவர்.

"நீ பாத்த. உன் பொண்டாட்டி பாத்தா. சோறு தின்னுக்கிட்டே போன்ல பாத்தீங்க. பெத்தவ நான்தான் பாக்கல." பிறகு என் மகளிடம் திரும்பினாள். "எது எது எங்கன்னு திருப்பி வைடி. எனக்குக் காட்டு."

நான் வேண்டாம் என்றேன். இரண்டு பேருமே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் மகள் ஒவ்வொன்றாக எடுத்து, சிவந்து கிடந்த தோலின்மேல் வைத்துக் காட்டினாள். கழுத்து. தோள். அவள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். சில இடத்தில் விரலில் ஈரம் ஒட்டியது. புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்ததைத் தொட்டாள். கைக் காயங்களுக்கு வந்தபோது நிறுத்தினாள்.

"கையில எதுக்கு? ஒரே வெட்டுன்னாங்களே."

"ஒரே வெட்டு இல்ல அத்தை." என் மகள் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கினாள். "இப்படித் தூக்கினா. தடுத்தா. ரெண்டு தடவை பாராங்கத்தியையே புடிச்சா. அவன் கீழ விழுந்தான். எந்திரிச்சு வந்துதான் கழுத்துல."

"புடிச்சாளா?"

"புடிச்சா."

"அவன விழ வச்சாளா?"

"ஆமா அத்தை."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று காத்திருந்தோம். அழவில்லை. "வலிக்கலன்னு சொன்னீங்களே அண்ணே," என்றாள் என்னிடம்.  வாயில் இரத்தம் இருந்தது, அதை விழுங்கினேன். அவள் கழுத்துக் காயத்தை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, கைக் காயங்களை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். போகும்போது திரும்பி, "அரிசி எங்கடி?" என்று கேட்டாள்.

"முழுங்கிட்டேன் அத்தை."

அவள் அந்த வாயை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

காரில் என் மகள் வீங்கிய முகத்தோடு ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். முழுங்கிட்டேன், முழுங்கிட்டேன் என்று மண்டைக்குள் ஓடியது. நான் அறிவியல் நடத்துகிறவன். சகுனத்தைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகளிடம் சிரிக்கிறவன். செம்பனை ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். அவள் பக்கத்துக் கதவைத் திறந்து கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"வாந்தி எடு."

"என்னப்பா?"

"உயிரோட இருக்குறவ வாயில வாய்க்கரிசி போட்டுட்டா. எடு."

"அது அரிசிதான்ப்பா."

நான் அவள் தாடையைப் பிடித்து அழுத்தி, இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டேன். கடித்தாள். எலும்பு வரைக்கும் பல் இறங்கியது. இன்னும் அழுத்தினேன். என் பிள்ளையை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவள் திமிறி விலகி, மூச்சிறைக்க, இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கினாள்.

அந்தக் கைகளில் ரப்பர் உரிந்த தடங்கள் சிவப்பாக இருந்தன. விரல்கள் விரிந்திருந்தன. அவற்றுக்கிடையில் அவள் கண்கள் என்னைப் பார்த்தன. அந்தப் பார்வையை நான் வேறோர் இடத்தில், என் கைப்பேசியின் சின்னத் திரையில் பார்த்திருக்கிறேன்.

என் கையை இறக்கினேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவள் கைகளை இறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு காரைச் சுற்றிப் போய், பின் இருக்கையில் ஏறி, கதவை உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டாள்.

அரிசி அவளுக்குள்தான் இருந்தது. நான் மெதுவாக வண்டியை எடுத்தேன்.