வெடிமருந்துப் பெட்டியில் பழுத்த மல்கோவா

இன்று காலை குடியாத்தத்திலிருந்து மச்சான் அனுப்பிய மாம்பழம் வந்தது. ஆனி மாதம் பிறந்தால் தவறாமல் வரும், ஆனால் எப்போதும் கூடையில்தான். இந்த வருஷம் புதுப் பலகையில் ஆணி அடித்த பெட்டி. மூடியைக் கழற்றினேன். வைக்கோல் வாசனையும் மல்கோவா வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. என் கை தானாகவே நெற்றியைப் பிடித்துக்கொண்டது. பெட்டிக்குள் மாம்பழத்தைப் பார்த்தால் எனக்குத் தலைவலிதான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தங்கவயலுக்கு மின்சாரம் வராத காலம். நான் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போட்டு வெடி வைக்கிற ஆட்களில் ஒருவன். ஸ்கெலட்டன் என்கிற கூலிக் குடியிருப்பில் மூங்கில் தட்டி வீடு. அதில் நாற்காலி, மேஜை என்று எதைச் சொன்னாலும் அது காலியான வெடிமருந்துப் பெட்டிதான். எதிர் வீட்டில் ஒரு பெட்டிக்குள் பிள்ளை தூங்கியது. அந்தப் பிள்ளை இன்று ஹெட் கிளார்க், பார்த்தால் சொல்ல மாட்டீர்கள்.

மாங்காய் இல்லாமல் எங்களுக்கு ஷிப்டே கிடையாது. தூக்குவாளியில் கூழ், துணியில் உப்பு போட்ட மாங்காய்த் துண்டு. சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் நின்றால் கோடை வந்துவிட்டதா என்று மூக்கே சொல்லிவிடும். ஆயுத பூஜையன்று நீராவி எஞ்சினுக்கும் மாவிலைத் தோரணம்தான். துரை தொப்பியைக் கழற்றிவிட்டு அதன் கீழே குனிந்து போவார்.

பேச்சு எங்கோ போகிறது. கன்னியம்மாவைக் குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மாவிலைக் கொத்தோடு ஏணியில் நின்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பாவுக்குப் பெண்கள் மூன்று, பையன் ஒருவன், மாமரங்கள் நாற்பது. அவர் பேர் குழம்பாமல் கூப்பிடுவது மரங்களைத்தான். பெண் கேட்டு ஆள் அனுப்பினோம். பதிலுக்கு ஆறு பச்சை மல்கோவா வந்தன, கன்னியம்மா பிறந்த அன்று நட்ட கிணற்றடி மரத்துக் காய்கள். கூடவே அவர் சொல்லி அனுப்பிய வார்த்தை: "வெள்ளிக்கெழம வரேன், பழுக்க வெச்சிக் குடு. காயவே பதமா வெச்சிக்கத் தெரியாதவன் பொண்ண இன்னா வெச்சிக்கப் போறான்?"

அம்மா பானையில் வைக்கோல் பரப்பி வைத்தாள். "அமுக்காதடா, தானா பழுக்கும்" என்றாள். நான் ஷிப்டுக்குப் போகும்போது அமுக்கினேன், வந்ததும் அமுக்கினேன். புதன்கிழமையும் கல்லாகவே இருந்தன. என் மூளை வேலை செய்தது. அன்று காலியான ஒரு வெடிமருந்துப் பெட்டியை, உள்ளே இருந்த மரத்தூளோடு கொண்டுவந்து, காய்களைப் புதைத்து, மூடி, சூடு ஏறட்டும் என்று அடுப்போரம் வைத்தேன். 

வெள்ளிக்கிழமை ஆறும் பொன்னாகப் பழுத்திருந்தன. கன்னியம்மாவின் அப்பா தன் தம்பியோடு பங்காருபேட்டையில் ரயில் இறங்கி வந்தார். ஆளுக்கு மூன்று தின்றார்கள். "பரவால்லப்பா, ஆவணில கல்யாணத்த வெச்சிக்கலாம்" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றியைப் பிடித்தார். "இன்னாப்பா இது, தல பொளக்குது!" தம்பி ஏற்கெனவே பாயில் சுருண்டிருந்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. வெடிமருந்தைப் புதிதாகத் தொடுகிறவனுக்கு வருகிற அதே தலைவலி. எங்களுக்குப் பழகிப்போனது. மருந்து கசிந்த மரத்தூளில் அல்லவா பழத்தைப் புதைத்திருக்கிறேன்!

அம்மா கடுங்காப்பி போட ஓடினாள். பாயிலிருந்து தம்பி முனகினார்: "அண்ணா, கெணத்தடி மரத்தாண்ட செத்த பாம்பப் பொதச்சோமே, அந்த வெஷம் ஏறிட்ச்சி."

"நாளைக்கே வெட்டிடறேன்" என்றார் பெரியவர். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

வாயை மூடிக்கொண்டால் பெண் எனக்கு, மரம் விறகுக்கு. மூடத்தான் நினைத்தேன். ஆனால் கன்னியம்மா ஒருநாள் அந்த மரத்தைப் பற்றி என்னிடம் கேட்பாளே!

"மாமா, மரத்து மேல தப்பில்ல. நான்தான் இந்தப் பெட்டில வெச்சேன்."

"இதுல இன்னா இருந்திச்சி?"

"வெடிமருந்து."

"எங்க வெச்ச?"

"அடுப்பாண்ட."

தம்பி தலைவலியோடு எழுந்து தெருவுக்கே ஓடிவிட்டார். பெரியவர் பெட்டியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு தலையைப் பிடித்தபடி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் வலி, வலித்தால் சிரிப்பு.

"மரத்துக்கோசரம் ஒத்துக்கினயே, கட்டிக்க. ஆனா சாவுற வரிக்கும் நீ ஒரு காயப் பழுக்க வெக்கக் கூடாது."

அதனால்தான் ஒவ்வொரு ஆனியிலும் எங்களுக்குப் பழுத்த பழமாகவே வந்தது. அவருக்குப் பிறகு மச்சான் அனுப்பினான். தட்டி வீடுகள் போயின. நீராவி எஞ்சின்கள் போயின. பெரியவரும் போனார். கூடை மட்டும் வந்துகொண்டிருந்தது.

இன்று வைக்கோலுக்கு அடியில் மச்சானின் கடிதம் கிடந்தது. காற்றில் கிணற்றடி மரம் சாய்ந்துவிட்டதாம். பழங்கள் வேறு மரத்தவை. பெட்டிப் பலகைதான் அந்த மரம்.

நான் படித்து முடித்ததும் கன்னியம்மா பழத்தைத் தொடவில்லை. மூடியை மடியில் வைத்து முகர்ந்தாள். அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"தல வலிக்குதுங்க" என்றாள்.

நான் கடுங்காப்பி போடப் போனேன்.