கிளட்சை மிதித்தால்தான்

மலையடிவாரத்தில் டீ குடித்துவிட்டு வந்து, அதுவரை ஓட்டிவந்த மகனிடம் சாவியை வாங்கித் திருப்பினேன். புதுக் கார் அசையவில்லை.

"கிளட்ச மிதிச்சாத்தானுங்கம்மா ஸ்டார்ட் ஆகும். இல்லீன்னா கியர்ல கெடக்கற வண்டி குதிச்சிருமில்ல" என்றான் மகன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது மலைமேல் செம்மநத்தத்தில் எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்காது. அதனால் அப்பா எப்போதும் கியரில் போட்டே நிறுத்துவார். பனி விலகிய ஒரு காலையில், இன்ஜின் சூடாகட்டும் என்று வெளியே நின்றபடியே கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினார். கியரை மறந்துவிட்டார். ஜீப்புக்கு முன்னால் அம்மா குனிந்து காப்பிக்கொட்டையைப் பரப்பிக்கொண்டிருந்தாள். ஜீப் ஒரே குதியாகப் பாய்ந்து அவளைச் சுவரோடு அழுத்தி நின்றது. பெட்ரோலும் ஈரக் காப்பியும் கலந்து நாறின.

வேறு வண்டியில்லை. அதே ஜீப்பில்தான் அம்மாவைச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம். பின்சீட்டில் அவள் தலை என் மடியில் இருந்தது. பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது.

"அம்மா பேசறாளா கண்ணு?" அப்பா திரும்பாமலே கேட்டார்.

"தூங்கறாங்கப்பா."

ஒவ்வொரு வளைவிலும் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன்.

கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகவிடாத இப்படி ஒரு ஸ்விட்ச் அந்த ஜீப்பில் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். மனதில் ஒன்றும் அசையவில்லை. கிளட்சை மிதித்தேன்.