அந்தோனி அண்ணனின் லைசனும் நான் எழுதிய பட்டியலும்

வாகன வழக்குகளில் பொலிஸ் தரப்புக்குப் பேசும் சார்ஜனுக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பதும் ஒரு தொழில்தான். கூண்டில் நிற்கிறவரிடமும் ஏச்சு, சார்ஜனிடமும் ஏச்சு என்று வாங்கிய எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. எஸ்.எஸ்.சி.யில் கணக்குப் பாடம் கவிழ்ந்து, இனிப் படிக்க மாட்டேன் என்று வீட்டில் சொன்ன கையோடு மாத்தளையில் இந்த வேலைக்கு வந்தேன். வயது பதினேழு. வாய்க்கு மட்டும் நாற்பது. எங்கள் சார்ஜன் டவுனிலேயே பிறந்த முஸ்லிம். எல்லோருக்கும் அண்ணன் முறையில் சார்ஜன் நானா.

முழுத் தண்டனை

இரண்டாம் வாரமே மோட்டார் வாகனச் சட்டப் புத்தகத்தில் தண்டனைப் பக்கங்களை மனப்பாடம் செய்துவிட்டேன். மற்றப் பக்கங்களைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டும் அந்தோனி அண்ணன் வந்தார். அலுவிகாரையில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தை இடித்திருந்தார். கவனயீனமாக ஓட்டிய வழக்கு. பத்து வருஷம் கிளீனராகக் கிடந்து எடுத்த லைசன். அது போனால் மறுபடி மலையில் மண்வெட்டிதான்.

என்ன கிடைக்கும் என்று மெதுவாகக் கேட்டார். தண்டப் பணம், சிறை மறியல், லைசன் ரத்து என்று புத்தகத்தில் இருந்த உச்சத்தையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அது மிஞ்சிப்போனால் கொடுக்கிற அளவு, முதல் தடவை என்றால் தண்டத்தோடு முடியும் என்று சார்ஜன் நானா வந்து சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இடிபட்ட வண்டியோட மாடுகூட என்னைய இவ்வளவு கோவமா பாக்கலைங்க."

வராத சாட்சி

வழக்கு தவணை தவணையாக இழுபட்டது. சாட்சி சொல்ல வேண்டிய வண்டிக்காரர் வரவே இல்லை. இதற்கிடையில் அந்தோனி அண்ணன் மாத்தளைக் கடைவீதியில் ஒரு சைக்கிளையும் லேசாக இடித்துவைத்தார். அதை உடனே ஒத்துக்கொண்டு தண்டமும் கட்டிவிட்டார். மாட்டுவண்டி வழக்குதான் அப்படியே கிடந்தது. எனக்குப் பொறுமை இல்லை. அலுவிகாரைக்கே போய் வண்டிக்காரரிடம் சட்டம் பேசினேன். அவர் வண்டியை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "மாட்டுக்குத் தவணை குடுக்க ஏலாது தம்பி, அதுக்கு இன்னைக்கே புல்லு வேணும்."

அடிக்கோடு போட்ட வரி

ஒருவழியாக வண்டிக்காரர் கோர்ட்டுக்கு வந்தார். அவரைக் கண்டதும் அந்தோனி அண்ணன் குற்றத்தை ஒத்துக்கொண்டார். தண்டனை சொல்லுமுன் முன்குற்றம் ஏதும் உண்டா என்று நீதவான் கேட்பார். அந்தப் பட்டியல் என் வேலை. சைக்கிள் வழக்கில் தண்டம் கட்டிய திகதி இன்றைக்கு முந்தியது, அப்படியென்றால் முன்குற்றம்தானே என்று எழுதி, அடியில் கோடும் இழுத்திருந்தேன். சார்ஜன் நானா அதை நம்பி வாசித்தார். இது இரண்டாம் தடவை, லைசனை ஒரு வருஷம் நிறுத்தப்போகிறேன், சொல்ல ஏதும் உண்டா என்றார் நீதவான். அந்தோனி அண்ணன் கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி சொன்னார்: "ஐயா, மாட்டுவண்டியில இடிச்சப்ப நான் சைக்கிள்ல இடிச்சிருக்கலைங்க. அது பொறகுதான் நடந்துச்சு."

முதல் தடவை

சார்ஜன் நானா பைலைப் புரட்டினார். இந்தக் குற்றம் நடக்குமுன்பே தீர்ப்பானதுதான் முன்குற்றம், பட்டியல் பிழை, திருப்பி எடுக்கிறேன் என்று எழுந்து சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வழக்கு தண்டத்தோடு முடிந்தது. லைசன் அந்தோனி அண்ணனின் சட்டைப்பைக்குள் பத்திரமாகப் போனது.

வெளியே வந்து நான் சார்ஜன் நானாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நீங்களும் பார்க்காமல்தானே வாசித்தீர்கள் என்று என் வாய் கேட்டுவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். "ஓம் மகன், பாக்காம வாசிச்சது என்ட பிழைதான். எனக்கு இது முதல் தடவை, உனக்கு?"

அந்த வேலையில் நான் இருந்த ஏழு மாதமும் மாத்தளை வீதிகளில் ஓடிய எந்த லொறியையும்விட என் பேனாதான் கவனயீனமாக ஓடியிருக்கிறது.