தூது போகாத இரண்டு மருமகள்கள்

அவளிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் அவளைச் ‘சீனத்து டீச்சர்’ என்றே சொல்வார்கள். அடுத்த ஆள் வரும்வரை பயிற்சிக் காரில் உட்கார்ந்து, பழைய சீன ஞானிகளைப் பற்றிய சொற்பொழிவுகளைச் செல்போனில் கேட்பது அவள் வழக்கம். தூக்கத்தை விரட்டத்தான் கேட்க ஆரம்பித்தாள். போகப் போக அதுவே பைத்தியமாகிவிட்டது. எதையும் முண்டியடித்துச் செய்யாதே, அதன் போக்கு தெரிந்து நட என்பது கிளட்சுக்கும் கியருக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

“ஸ்டீயரிங்கை ஏன் சார் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க? லேசா விடுங்க, அதுவே திரும்பி வரும்” என்பாள்.

வீட்டில்தான் அந்த ஞானம் செல்லுபடியாகவில்லை. கீழே அவளும் கணவரும். மாடியில் கொழுந்தனும் அவன் மனைவியும். போன தேர்தலில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. டிவி விவாதம் பார்க்க உட்கார்ந்தவர்கள், டிவியில் இருந்தவர்களைவிட அதிகமாகக் கத்தினார்கள். அன்றோடு பேச்சு நின்றது. தம்பி ‘அந்தக் கட்சிக்காரன்’ ஆனான். அண்ணன் ‘கீழ்வீட்டுக்காரர்’ ஆனார். தேர்தல் முடிந்து, ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரு கல்யாணத்தில் தோளில் கைபோட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் இருவரும் மட்டும் உர்ரென்றே இருந்தார்கள்.

அவள் இருவரையும் ஒரே மேஜையில் சாப்பிட உட்காரவைத்து, விட்டுக்கொடுப்பதைப் பற்றி நீளமாகப் பேசிப் பார்த்தாள். கை கழுவும்போது கொழுந்தன், “சாப்பாடு பிரமாதம் அண்ணி. பேச்சுலதான் உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றான். கணவர் ஈரக் கையோடு போய் டிவியைப் போட்டார்.

பிறகு ஒருநாள், பெயர்களைப் பற்றிய சொற்பொழிவு ஒன்று கேட்டாள். ஒருவரை எந்த உறவு சொல்லிக் கூப்பிடுகிறோமோ அந்த உறவுக்குத் தக்கபடி நடக்க வேண்டும், நாட்டில் ஒழுங்கு வருவதே அங்கிருந்துதான் என்றார் பேசியவர். அதைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனவள், ஓரகத்தியைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட் சாவி எங்கேன்னு கேட்க நான் ஏறி வர்றேன். பேப்பரைக் குடுன்னு சொல்ல நீ இறங்கி வர்றே. அவங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாம நாமதான்டி பண்ணிட்டோம்.”

“அப்ப என்னக்கா செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். தூது போகாம இருந்தா போதும்.”

“அவ்வளவுதானா?”

“செஞ்சு பாரு, தெரியும்.”

சும்மா இருப்பது லேசான வேலையாக இல்லை. சாவி கிடைக்காமல் கணவர் சுவரேறிக் குதித்தார். கொழுந்தன் பேப்பர் இல்லாமல் பழைய காலண்டரைப் படித்தான். அவளுக்கு நாக்கு நமநமத்தது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

ஒரு ஞாயிறு காலை, கணவர் தலைமுழுக்கச் சோப்பு நுரையோடு இருந்தபோது குழாயில் தண்ணீர் நின்றுபோனது. மோட்டார் சுவிட்ச் மாடியில் இருந்தது.

“மேலே மோட்டார் போடச் சொல்லு” என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.

“நீங்களே சொல்லுங்க.”

“யார்கிட்ட?”

“சுவிட்ச் பக்கத்துல இருக்கிறவர்கிட்ட.”

காலி வாளியில் குவளை மோதும் சத்தம் கேட்டது. பிறகு வீடே அதிர ஒரு குரல் கேட்டது: “டேய் தம்பி, மோட்டாரைப் போடுடா, கண்ணு எரியுது.”

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். “எந்தக் கட்சித் தண்ணி அண்ணே வேணும்?”

“எந்தக் கழுதையா இருந்தாலும் பரவாயில்லை, விடுடா.”

அவள் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிந்தபோது கண் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

சண்டை ஒன்றும் ஓய்ந்துவிடவில்லை. அன்று சாயங்காலமே பெட்ரோல் விலையைப் பற்றி மாடிப்படியில் உட்கார்ந்து இரைந்தார்கள். ‘அண்ணே’ என்று ஆரம்பித்து ‘போடா’ என்று முடிந்தது. நியாயம் கேட்கக் கொழுந்தன் அவள் பக்கம் திரும்பினான்.

“நீங்க சொல்லுங்க அண்ணி, யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?”

அவள் மூன்றாவது ஒரு கட்சியின் பெயரைச் சொன்னாள்.

“நானும் அதுக்குத்தான்” என்றாள் பின்னால் நின்ற ஓரகத்தி.

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் ஒரே கட்சியாகச் சேர்ந்துகொண்டு அந்தப் பெண்கள் இருவர் மேலும் பாய்ந்தார்கள்.